முடியை வெட்டியது யார்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு திங்கட்கிழமை காலையில் என் தலையைப் பார்த்த மேலாளர், ஆளே மாறிவிட்டாயே என்ற பாவனையில் புருவத்தைத் தூக்கினார். நானும் தயங்காமல், 'சார், ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே' என்றேன். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பின்கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, 'யுவர்செல்ஃப்? நாட் பேட்!' என்றார். கிண்டல் செய்கிறார் என்று புரிந்தது. எதற்கு என்று புரியவில்லை. இரவு அறைக்குத் திரும்பி, கண்ணாடியில் பின்னந்தலையைப் பார்க்க முயன்று தோற்றபோதுதான் உறைத்தது. கத்தரிக்கோலை எடுத்து என் முடியை நானே வெட்டிவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

சலூன் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவன் சொல்ல வேண்டியிருந்தது இதை:

ஐ ஹேட் மை ஹேர் கட் எஸ்டர்டே.

கூடுதலாக ஒரே ஒரு சொல், ஹேட். 'கட்' வாக்கியத்தின் நடுவிலிருந்து நகர்ந்து 'ஹேர்' என்பதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு அச்சைப் பற்றித்தான். முந்தைய அத்தியாயங்களைப் போலவே இங்கும் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணால் படித்துவிட்டுப் போனால் இந்த அச்சு நாக்கில் ஒட்டாது.

நம் வாய்க்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

தமிழில் ஒருவர் 'நேத்து பல்லைப் பிடுங்கிட்டேன்' என்றால், எந்தக் குறடை வைத்துப் பிடுங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிடுங்கியவர் பல் டாக்டர், இவர் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார் என்பது கேட்பவருக்கே தெரியும். 'சித்திரையில வீடு கட்டினோம்', 'தீபாவளிக்கு ரெண்டு சட்டை தைச்சேன்', 'காலையில சுகர் டெஸ்ட் எடுத்தேன்', 'ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வரேன்' என்றெல்லாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். கரண்டி பிடித்த கொத்தனாரோ ஊசி பிடித்த தையல்காரரோ இந்த வாக்கியங்களில் எங்கேயும் தலைகாட்டுவதில்லை. காசு கொடுத்தவரும் காத்துக் கிடந்தவரும்தான் எழுவாய்.

கொஞ்சம் கவனமாகப் பேசுகிறவர்கள் 'கொள்' சேர்த்து, முடி வெட்டிக்கொண்டேன் என்பார்கள். அதுவும் முழுசாகக் கைகொடுக்காது. 'முடி வெட்டிக்கொண்டான்' என்றால் கடைக்குப் போய் வந்திருக்கிறான். 'விரலை வெட்டிக்கொண்டான்' என்றால் காய் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது. வினைச்சொல் ஒன்றுதான், ஒட்டும் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தில் வெட்டியவர் வேறொருவர், இரண்டாவதில் அவனே. தமிழ்க் காதுக்கு இதில் துளிக் குழப்பமும் கிடையாது. முடி எப்படி வெட்டுப்படும், விரல் எப்படி வெட்டுப்படும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆங்கிலம் அந்தப் பொறுப்பைக் கேட்பவர் தலையில் போடுவதில்லை. இரண்டையும் இரண்டு அச்சில் வார்த்துவிடுகிறது:

ஹீ ஹேட் ஹிஸ் ஹேர் கட்.
ஹீ கட் ஹிஸ் ஃபிங்கர்.

தமிழில் இதற்கு வழியே இருந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? 'செய்' என்பதோடு வி சேர்த்தால் செய்வி; 'நட' என்பதோடு பி சேர்த்தால் நடப்பி. நன்னூலில் பவணந்தியார் இதற்கு விதியே எழுதி வைத்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டு, 'கொத்தனார்' என்று பதில் சொல்லும் கடி ஜோக்கை நாம் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லியிருப்போம். ராஜராஜன் அந்த ஜோக்குக்கு இடமே வைக்கவில்லை. 1010இல் நிறைவடைந்த அந்தக் கோயிலின் கல்வெட்டில், தானே பேசுவதுபோல் அவன் சொல்லும் சொல் 'எடுப்பிச்ச' என்பது. எடுத்த கோயில் என்று அவன் சொல்லவில்லை. எடுப்பித்த கோயில் என்கிறான். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அதே கோயில் கல்வெட்டில் இருக்கிறது. செய்வித்தவனுக்கு ஒரு வரி, செய்தவனுக்கு ஒரு வரி. அந்த 'எடுப்பிச்ச' என்பதை ஆங்கிலத்தில் வார்த்தால் நம் அச்சு அப்படியே வந்து உட்காருகிறது:

ராஜராஜா ஹேட் த டெம்பிள் பில்ட்.

இன்றைய பேச்சுத் தமிழ் இந்த வி, பி இரண்டையும் ஏறக்குறையக் கைகழுவிவிட்டது. கற்பி, அறிவி, தெரிவி, காண்பி போன்ற சில சொற்களில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கின்றன, அவ்வளவுதான். 'மாடியில் ஓர் அறை கட்டுவித்தேன்' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். மேடை நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறீர்களோ என்று நினைப்பார். வாயில் பழக்கம் விட்டுப்போன ஒன்றை ஆங்கிலத்துக்காகத் திரும்பப் பழக வேண்டியிருக்கிறது. சிரமம் அங்கேதான்.

அச்சு

முதலில் ஹேவ். அடுத்து பொருள். கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். கோ, வென்ட், கான் என்று ஏழாம் வகுப்பில் ராகம் போட்டு ஒப்பித்தோமே, அதில் மூன்றாவது. 'கட்' என்ற சொல்லுக்கு மூன்று வடிவமும் ஒன்றே என்பதால் முடி வெட்டிய உதாரணத்தில் இது வெளியே தெரியாது. வேறு சொற்களில் பாருங்கள்:

ஐ ஹேட் மை ஐஸ் டெஸ்டட்.
கண் டெஸ்ட் பண்ணிக்கொண்டேன்.

வீ ஹேட் த ஹவுஸ் பெயின்டட் பிஃபோர் பொங்கல்.
பொங்கலுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டோம்.

ஷீ ஹேட் எ டூத் டேக்கன் அவுட்.
அவள் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

மை ஃபாதர் ஹேட் த வெல் கிளீன்ட் அவுட்.
அப்பா கிணற்றைத் தூர்வாரினார்.

காலம் மாறும்போது மாறுவது ஹேவ் மட்டும்தான். பொருளும் மூன்றாம் வடிவமும் அசையாமல் நிற்கும். முறுக்குக் குழலில் கைப்பிடியை மட்டும் திருகுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பைக்கையே எடுத்துக்கொள்வோம்:

ஐ ஹேவ் மை பைக் சர்வீஸ்ட் எவ்ரி த்ரீ மந்த்ஸ்.
ஐ ஆம் ஹேவிங் மை பைக் சர்வீஸ்ட் டுடே.
ஐ ஹேவ் ஜஸ்ட் ஹேட் மை பைக் சர்வீஸ்ட்.
ஐ வில் ஹேவ் மை பைக் சர்வீஸ்ட் நெக்ஸ்ட் வீக்.
ஐ நீட் டு ஹேவ் மை பைக் சர்வீஸ்ட்.

இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்து யாராவது என் சட்டையைப் பிடிப்பீர்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று சொல்லக் கூடாது, ஹேவ் என்பதோடு இங் சேர்க்காதே என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லி வந்தவன் நான். அது உடைமையைச் சொல்லும் ஹேவ். அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், இப்போது நடந்துகொண்டிருக்கவில்லை. இங்கே வருவது செய்விக்கும் ஹேவ். பைக் இந்த நிமிஷம் மெக்கானிக் கையில் இருக்கிறது. தாராளமாக இங் சேர்க்கலாம்.

கேள்விக்கும் மறுப்புக்கும் டூ, டிட் துணைக்கு வர வேண்டும். 'டிட் யூ ஹேவ் யுவர் பைக் சர்வீஸ்ட்?' என்று கேளுங்கள். 'ஐ டிடின்ட் ஹேவ் இட் சர்வீஸ்ட்' என்று பதில் சொல்லுங்கள். 'ஹேட் யூ யுவர் பைக் சர்வீஸ்ட்' என்று ஆரம்பித்தால் பாதியிலேயே வண்டி நின்றுவிடும்.

இந்த ஹேவுக்குள் ஓர் அதிகாரமும் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி தன் மனைவியர் ஆறு பேரில் இருவரைத் தலை வெட்டிக் கொன்றான். ஆன் பொலின் 1536இல், கேத்தரின் ஹவர்ட் 1542இல். ஆனுக்காக கலே நகரத்திலிருந்து ஒரு வாள்காரனையே வரவழைத்தார்கள். ஹென்றி வாளைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்லக் கை இயல்பாகத் தேடும் அச்சு இதுதான்:

ஹென்றி ஹேட் டூ ஆஃப் ஹிஸ் வைவ்ஸ் பிஹெடட்.

வெட்டியவன் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. யார் சொல்லி நடந்தது என்பதை ஹேட் சொல்லிவிடுகிறது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கும் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவனுக்கும் இலக்கணம் ஒன்றே என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

எல்லா இடத்திலும் இந்த அச்சு கட்டாயமா? இல்லை. 'ராஜராஜா பில்ட் த டெம்பிள்', 'ஷாஜகான் பில்ட் த தாஜ்மகால்' என்பவையும் நல்ல ஆங்கிலம்தான். மன்னன் கல் சுமந்திருப்பான் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. நீங்களே செய்திருக்கவும் கூடும் என்று கேட்பவர் நினைக்க வழி இருக்கும்போதுதான் இந்த அச்சு அவசியமாகிறது. முடி, பல், கண், சட்டை, சுவர், பைக், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த வகை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சுவாக்கில் 'ஐ கட் மை ஹேர்' என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. அது அவர்கள் சௌகரியம். கற்கிறவர் அந்தச் சலுகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

என் மாலை வகுப்பில் ஒரு முறை இதைச் சொல்லிக்கொடுத்தபோது, 'ஐ ஸ்டிச்ட் திஸ் பிளவுஸ்' என்று ஒரு பெண் சொன்னார். நான் திருத்த வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டு, 'சார், அக்கா டெய்லர் கடைதான் வெச்சிருக்காங்க. அவங்களே தைச்சதுதான்' என்றார். அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்தப் பக்கத்து இருக்கைப் பெண் அதே கடையில் தைத்து வாங்கிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அதே வாக்கியத்தைச் சொன்னால் தப்பு. அவர் சொல்ல வேண்டியது 'ஐ ஹேட் திஸ் பிளவுஸ் ஸ்டிச்ட்'. வாக்கியத்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு சரியா தப்பா என்று சொல்ல முடியாத இடம் இது. ஊசி யார் கையில் இருந்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. போகிற போக்கில் ஒன்று: துணி தைப்பதற்கு ஸ்டிச் என்பது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்தில் இருப்பவர் 'ஐ ஹேட் திஸ் பிளவுஸ் மேட்' என்றுதான் சொல்லுவார். அங்கே ஸ்டிச் என்றதும் காயத்துக்குப் போடும் தையலும் நினைவுக்கு வரும்.

தைக்கக் கொடுத்தேன், சர்வீஸுக்கு விட்டேன் என்ற நம் வழக்கிலிருந்து 'ஐ கேவ் மை ஷர்ட் டு ஸ்டிச்', 'ஐ கேவ் மை பைக் ஃபார் சர்வீஸ்' என்பவை பிறக்கின்றன. முதலாவது எங்கேயும் நிற்காது. இரண்டாவது நம் ஊருக்குள் ஓடும். நான் அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்ததைத்தான் அது சொல்கிறது, வேலை முடிந்ததா என்று சொல்வதில்லை.

இரண்டு சொல் இடம் மாறினால்

தமிழில் 'போனை ரிப்பேர் பண்ணினேன்', 'ரிப்பேர் பண்ணினேன் போனை' என்று எப்படிப் புரட்டிப் போட்டாலும் பொருள் கலங்காது. 'ஐ' உருபு பொருளைக் கையோடு பிடித்துவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் உருபு இல்லை, இடம்தான் உருபு. இந்த இரண்டையும் பாருங்கள்:

ஐ ஹேட் ரிப்பேர்ட் மை ஃபோன்.
ஐ ஹேட் மை ஃபோன் ரிப்பேர்ட்.

இரண்டிலும் அதே ஐந்து சொற்கள்தான். முதலாவதில் ஸ்க்ரூடிரைவர் உங்கள் கையில். இரண்டாவதில் நீங்கள் கடை வாசலில். முதலாவதில் ஹேட் வெறும் துணைவினை, 'அதற்கு முன்பே செய்திருந்தேன்' என்ற காலத்தை மட்டும் காட்டுகிறது. இரண்டாவதில் அதுவே முழு வினை. காதால் பிடிக்கவும் ஒரு அடையாளம் உண்டு. துணைவினையாக வரும் ஹேட் பேச்சில் சுருங்கி 'ஐட் ரிப்பேர்ட் மை ஃபோன்' என்று ஒலிக்கும். செய்விக்கும் ஹேட் சுருங்குவதே இல்லை. வாய் நிறையச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், இன்டர்வியூ அறையில் இந்தத் தடுமாற்றம் காசு பணத்தில் போய் முடியும். ஒரு பையன் தன் கல்லூரி விழாவுக்கு இணையதளம் ஒன்றைத் தானே உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறான். கேட்டபோது, புதிதாகக் கற்ற மிடுக்கில் 'ஐ ஹேட் த வெப்சைட் டிசைன்ட்' என்று சொல்லிவிட்டான் என்று வையுங்கள். எதிரே இருப்பவர் காதில் விழுவது, யாரிடமோ கொடுத்துச் செய்து வாங்கினேன் என்பது. மூன்று வார உழைப்பு ஒரு சொல்லின் இடத்தில் தொலைந்துபோகும். அவன் சொல்ல வேண்டியது 'ஐ டிசைன்ட் த வெப்சைட்'.

தலைகீழாகவும் நடக்கும். கட்டட வேலை மேற்பார்வை பார்த்தவர் 'ஐ பில்ட் த வாட்டர் டேங்க்' என்று சொன்னால், அடுத்த கேள்வி எந்தக் கலவை, எத்தனை நாள் க்யூரிங் என்று வரும். அதற்குப் பதில் தெரிந்தால் சரி. தெரியாது, ஆள் வைத்து முடித்தேன் என்றால் 'ஐ ஹேட் த வாட்டர் டேங்க் பில்ட்' என்பது நேர்மையான வாக்கியம். மேற்பார்வைதான் உங்கள் வேலை என்றால் அதையே பெருமையாகச் சொல்லலாம்: 'ஐ சூப்பர்வைஸ்ட் த கன்ஸ்ட்ரக்ஷன்'. மின்னஞ்சலிலும் இதே கதை. 'ஐ செக்ட் த அக்கவுன்ட்ஸ்' என்று எழுதினால் தவறு வந்தபோது பொறுப்பு உங்களுடையது. 'ஐ ஹேட் த அக்கவுன்ட்ஸ் செக்ட்' என்றால், யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒரு கேள்வியாவது வரும்.

கெட்

பேச்சில் ஹேவ் இருக்கும் இடத்தில் கெட் அதிகம் புழங்கும். 'ஐ காட் மை ஹேர் கட்', 'ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்'. பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. கெட் கொஞ்சம் வீட்டுச் சட்டை, ஹேவ் கொஞ்சம் இஸ்திரி போட்டது. அலைந்து திரிந்து ஒரு வழியாக முடித்தோம் என்ற தொனி வேண்டுமானால் கெட் தான் சரி: 'வீ ஃபைனலி காட் த லீக் ஃபிக்ஸ்ட்'. மூன்று பிளம்பரைப் பார்த்த களைப்பு அந்தக் 'காட்'டில் கேட்கும். யாருக்காவது புத்தி சொல்லும்போதும் கெட் தான் வாயில் வரும்: 'கெட் யுவர் ஐஸ் டெஸ்டட்', 'கெட் தட் டூத் லுக்ட் அட்'.

ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஒரு குறுக்கு வழி தருகிறேன். 'ஐ டுக் அன் எக்ஸ்ரே' என்று நாம் சொல்வது, எக்ஸ்ரே எடுத்தேன் என்பதன் நேர் வார்ப்பு. அதைக் கேட்பவர் உங்களை எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று நினைக்க இடமுண்டு. ஹேட் போட்டு, சோதனையின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுங்கள். 'ஐ ஹேட் அன் எக்ஸ்ரே', 'ஐ ஹேட் எ பிளட் டெஸ்ட்', 'மை அங்கிள் ஹேட் எ கேட்டராக்ட் ஆபரேஷன்'. மூன்றாம் வடிவமே தேவையில்லை. 'ஹீ ஆபரேட்டட் ஹிஸ் ஐ' என்பதை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஆபரேட் என்பதற்குப் பின்னால் ஆன் வராவிட்டால் அது மெஷினை இயக்குவது. மாமா தன் கண்ணைக் கிரேன் மாதிரி ஓட்டினார் என்று ஆகிவிடும்.

ஆளைச் செய்ய வைப்பது

இதுவரை பொருளைப் பற்றிப் பேசினோம். ஆளைப் பெயர் சொல்லிக் கொண்டுவந்தால் அச்சு மாறும். தமிழில் 'செய்ய வைத்தேன்' என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். 'கையெழுத்துப் போட வைத்தேன்' என்றால் கெஞ்சியா, மிரட்டியா, அவர் வேலையே அதுதானா என்பது நம் முகத்தையும் குரலையும் பார்த்துத்தான் தெரியும். ஆங்கிலம் இதை மூன்றாக உடைக்கிறது:

ஐ ஹேட் த மேனேஜர் சைன் இட்.
ஐ காட் த மேனேஜர் டு சைன் இட்.
ஐ மேட் த மேனேஜர் சைன் இட்.

முதலாவதில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை; நீட்டினேன், போட்டார். இரண்டாவதில் இரண்டு முறை நடந்து, டீ வாங்கிக் கொடுத்து, பக்குவமாகப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறீர்கள். மூன்றாவதில் அவருக்கு வேறு வழியில்லை. இதைத் தெரியாமல் மேட் போட்டுவிட்டால் மேனேஜரை மிரட்டிக் கையெழுத்து வாங்கிய ரவுடி ஆகிவிடுவீர்கள்.

மூன்றில் கெட் என்பதற்கு மட்டும்தான் டு வரும். இந்த இடத்தில் நம்மவர்கள் சறுக்குவதற்குக் காரணம், 'செய்ய' என்றால் 'டு டூ' என்று ஆரம்ப வகுப்பில் மனசில் ஆணி அடித்துவிட்டார்கள். ஆகவே சிரிக்க வைத்தான் என்பது 'ஹீ மேட் மீ டு லாஃப்' என்று தானாக வந்து விழுகிறது. டு கிடையாது: 'ஹீ மேட் மீ லாஃப்'. 'த ஃபிலிம் மேட் மை மதர் க்ரை'. சிரிப்பும் அழுகையும் நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆகவே அவற்றுக்குப் பெரும்பாலும் மேக் தான். ஆனால் செயப்பாட்டில் புரட்டினால், போன டு திரும்பி வந்துவிடும்: 'வீ வேர் மேட் டு வெயிட் ஃபார் த்ரீ அவர்ஸ்'. ஏன் என்று கேட்காதீர்கள். மூன்று மணி நேரம் காத்திருந்த அனுபவம் நம் எல்லோருக்கும் இருப்பதால் வாக்கியமாகவே மனப்பாடம் செய்துகொள்வது சுலபம்.

பறிகொடுத்தது

கடைசியாக இந்த அச்சின் விசித்திரமான பக்கம்.

ஐ ஹேட் மை ஃபோன் ஸ்டோலன்.

ஆள் வைத்துத் திருட வைத்தேன் என்றா பொருள்? அப்படி யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். போனைப் பறிகொடுத்தேன் என்று பொருள். நாம் சொல்லி நடந்ததற்கும், நம் தலையில் வந்து விழுந்ததற்கும் ஆங்கிலம் ஒரே அச்சை வைத்திருக்கிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் தமிழனுக்கு இது புதிதில்லை. 'பறிகொடுத்தேன்' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். பறித்தவன் திருடன், ஆனால் கொடுத்தேன் என்று எழுவாயாக நிற்பது நாம். அடி வாங்கினேன், திட்டு வாங்கினேன் என்பதும் அப்படித்தான். கடைக்குப் போய் யாரும் அடி வாங்குவதில்லை. இந்தச் சொற்கள் வாயில் இருக்கிற நமக்கு இந்த ஹேட் சுலபமாகவே பழகிவிடும்.

இங்கே நான் அடிக்கடி கேட்கும் பிழை, 'ஐ வாஸ் ஸ்டோலன்'. என்னையே யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டு எதிரே நிற்கிறீர்களே, எப்படித் திரும்பி வந்தீர்கள்? ஸ்டீல் பொருளைப் பிடிக்கும். ராப் ஆளைப் பிடிக்கும். 'மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்', 'ஐ வாஸ் ராப்ட்', 'ஐ ஹேட் மை ஃபோன் ஸ்டோலன்' மூன்றும் சரி. விசா மறுக்கப்பட்டவரும் இதே அச்சில் சொல்லலாம்: 'ஷீ ஹேட் ஹர் விசா அப்ளிகேஷன் ரெஃப்யூஸ்ட்'.

பயிற்சி

கீழே உள்ளதை எழுதாமல் முதலில் வாயால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடையைக் கையால் மூடிக்கொள்வது உங்கள் நேர்மையைப் பொறுத்தது.

நேத்துதான் ஏசியை சர்வீஸ் பண்ணினோம்.
தங்கச்சி காது குத்திக்கிட்டா.
வாட்ச்மேன் எங்களை வெயில்ல நிக்க வெச்சார்.
எப்படியோ அப்பாவைச் சம்மதிக்க வெச்சேன்.
அத்தை பஸ்ஸுல செயினைப் பறிகொடுத்துட்டாங்க.
வாசல்ல இருக்கற கோலம் நான் போட்டது.

விடைகள் இவை. வீ ஹேட் த ஏசி சர்வீஸ்ட் எஸ்டர்டே. மை சிஸ்டர் ஹேட் ஹர் இயர்ஸ் பியர்ஸ்ட். த வாட்ச்மேன் மேட் அஸ் ஸ்டேண்ட் இன் த சன். இதில் டு போட்டிருந்தால் 'ஆளைச் செய்ய வைப்பது' பகுதிக்குத் திரும்புங்கள். ஐ சம்ஹவ் காட் மை ஃபாதர் டு அக்ரீ. இங்கே மேட் என்றால் அப்பாவிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்கள் என்பதே மாறிவிடும். மை ஆன்ட் ஹேட் ஹர் செயின் ஸ்டோலன் ஆன் த பஸ்.

ஆறாவதில் 'ஐ ஹேட் த கோலம் ட்ரான்' என்று சொல்லியிருந்தால், அச்சு கையில் கிடைத்ததும் கண்ட இடத்திலெல்லாம் அழுத்துகிறீர்கள். குனிந்து புள்ளி வைத்தவர் நீங்கள்தானே? ஐ ட்ரூ த கோலம்.

இன்று இரவு, இந்த வாரம் நீங்கள் காசு கொடுத்தோ, கெஞ்சியோ, சொல்லியோ செய்து வாங்கிய ஐந்து காரியங்களை இந்த அச்சில் எழுதுங்கள். நீங்களே செய்த ஐந்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதிய தாளை ஆங்கிலம் தெரிந்த யாரிடமாவது காட்டி, கெட் இட் கரெக்டட்.